'இல்லி' என்ற பிள்ளை

நான் ஒரு பிள்ளைக்குப் பதினோரு நாள் ஆப்சென்ட் போட்டேன். அந்தப் பதினோரு நாளும் அவள் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியர்கள் கூடுகிற இடங்களில் இதைச் சொன்னால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிக்கப் பழகிவிட்டேன். வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான் ஏன் சொன்னோம் என்று இருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். அங்கே தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் சில உண்டு என்றாலும் எங்களிடம் தமிழில்தான் பேசுவார்கள். அதனால் உலகமே தமிழில் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தவள் நான். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை என்பதால் மாறுதல் வாங்கிக்கொண்டு இங்கே ஒரு அரசு நடுநிலைப் பள்ளிக்கு வந்தேன். பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக லைன் வீடுகள், அதற்கு அப்பால் கம்பெனிகள். எங்கள் மணி அடிப்பதற்கு முன்பே ஷிப்ட் சைரன் அடித்துவிடும். எனக்குக் கொடுத்தது ஐந்தாம் வகுப்பு. முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.

முதல் வாரமே தலை சுற்றிவிட்டது. பாடம் தமிழில், ஆனால் பிள்ளைகள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது நான்கு மொழிகளில். ஜன்னல் ஓரம் தெலுங்கு, நடுவில் தமிழ், பின்னால் இந்தி, கதவுப் பக்கம் கன்னடம். யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவர்களாகவே அப்படி ஒதுங்கிக்கொண்டார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புத்தகம் கொடுக்க வேண்டும், சீருடைக்கு அளவெடுக்க வேண்டும், கேட்கிற விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். தலையைக் குனிந்தபடியே பெயர் கூப்பிடுவேன். "உள்ளேன் டீச்சர்", "உள்ளேன் டீச்சர்" என்று வரிசையாக வரும். ஒரு பெயருக்கு மட்டும் கதவுப் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில் "இல்லெ" என்று வரும். பக்கத்தில் இருக்கிற பிள்ளை சொல்கிறது என்று நினைத்துக்கொள்வேன். தலையை ஆட்டிவிட்டு ஆப்சென்ட் போட்டு, அடுத்த பெயருக்குப் போய்விடுவேன்.

பன்னிரண்டாம் நாள் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த அம்மா அவர். எதையும் கத்திச் சொல்ல மாட்டார், ஆனால் சொன்னால் உறைக்கும். வருகைப் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"ஏம்மா, இந்தப் புள்ள அட்மிஷன் போட்டதோட சரி போலிருக்கே. சாயங்காலம் வீட்டுல போய் ஒரு பார்வை பாத்துட்டு வா."

வீடு லைன் வீடுகளில்தான் இருந்தது. கன்னடக் குடும்பம் என்று சேர்க்கைப் படிவத்தில் பார்த்ததால் துணைக்கு என் வகுப்பிலிருந்து ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அப்பா வாரா வாரம் குந்தாரப்பள்ளி சந்தையில் துணிக்கடை போடுகிறவர். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். விடுமுறையில் அப்பாவோடு கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு நாலு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. வாய் ஓயாது. போகிற வழியெல்லாம் எந்த வீட்டில் யார், எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான்தான் சரியாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத அம்மாவை என்னவெல்லாம் கேட்பது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

சிமென்ட் ஷீட் போட்ட பத்து அறைகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு குழாய். ஆறாவது வாசலில் ஒரு சின்னப் பெண் சீருடையோடு உட்கார்ந்து பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டாள். அவள் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏங்க, புள்ளைய ஏன் ஸ்கூலுக்கே அனுப்பாம வெச்சிருக்கீங்க?" என்றேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

அந்த அம்மா என்னையும் பக்கத்தில் நின்ற பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "தினா ஹோக்தாளே, மேடம்," என்றார்.

"தினமும் போறாளேன்னு சொல்றாங்க டீச்சர்," என்றாள் என் மொழிபெயர்ப்பாளர். "அக்காங் டீச்சர், நெசந்தான். கதவுகிட்ட குந்தியிருப்பா. நானே பாத்திருக்கேன்."

"அப்புறம் நான் பேரு கூப்பிட்டா இல்லேன்னுதானே சத்தம் வருது?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "அய்யோ டீச்சர், அது 'இல்லே' இல்ல, 'இல்லி'. கன்னடத்துல இல்லின்னா இங்கன்னு அர்த்தம். இங்க இருக்கேன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கா."

"அப்ப நீ ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் தலைய ஆட்டிட்டு அடுத்த பேருக்குப் போனீங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிக்கிட்டேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என் தப்பு என்னவென்று அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கண்ணாலேயே ஜாடை காட்டினேன். அவரோ பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டு, டீ போட்டுக் கொடுத்தார். டீச்சர் வீடு தேடி வந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு நாளும் தன் பெயரைக் கேட்டு, பதில் சொல்லி, நான் பேனாவால் ஏதோ போடுவதையும் பார்த்திருக்கிறாள். வந்ததற்கான அடையாளம் என்றுதான் நினைத்திருப்பாள். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் தலைமையாசிரியரிடம் உண்மையைச் சொல்லி, திட்டு வாங்கி, பதிவேட்டைத் திருத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நான் மட்டுமா அவளைப் பார்க்கவில்லை? வகுப்பில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, இவள் பெயர் என்ன என்று கேட்டேன். சந்தைக்காரர் மகளையும் கதவுப் பக்கத்தில் இரண்டு பேரையும் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. கோபத்தில் எல்லோரையும் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே, திட்டுகிற யோக்கியதை எனக்கு எங்கே இருக்கிறது என்று தோன்றிப் பாதியில் நிறுத்தினேன்.

விளையாட்டை நேர விரயம் என்று நினைத்த ஆசாமி நான். பாடம் நடத்தாமல் பிள்ளைகளை ஆடவிடுகிற டீச்சர்களைப் பற்றிப் புறம் பேசியிருக்கிறேன். வேறு வழி தெரியாமல்தான் ஆரம்பித்தேன். தினமும் காலையில் முதல் பதினைந்து நிமிடம் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வட்டமாக உட்கார வைத்தேன். கம்பெனியில் மெஷின் துடைக்கிற வேஸ்ட் துணியை ஒரு பிள்ளை கொண்டுவந்தான். அதைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கினோம். பந்து யார் கையில் விழுகிறதோ அவர் தன் வீட்டு மொழியில் 'இங்கே' என்று சொல்லிவிட்டு, இன்னொருவர் பெயரைக் கூப்பிட்டு வீச வேண்டும். இங்க, இக்கட, இதர், இல்லி. பெயர் தெரியாவிட்டால் எழுந்து போய்க் கேட்டுக்கொண்டு வந்துதான் வீச வேண்டும். முதல் நாள் பாதி நேரம் எழுந்து போவதிலேயே கழிந்தது. பந்தில் கிரீஸ் வாடை. என் புடவையிலெல்லாம் கறை.

இன்னொரு விளையாட்டுக்கு 'யார் இல்லை?' என்று பெயர். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் சத்தம் போடாமல் ஒரு பிள்ளையைத் தொட்டு மேஜைக்கு அடியில் உட்கார வைத்து, என் வீட்டுப் பழைய போர்வையைப் போட்டு மூடுவேன். பிறகு எல்லோரும் கண்ணைத் திறந்து யார் இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது உயிர்.

இரண்டாவது வாரம் அவளை ஒளித்துவைத்தேன். கண்ணைத் திறந்தார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயரைக்கூடச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஊருக்குப் போயிருந்த ஒருத்தன் பெயரைச் சொன்னார்கள். சந்தைக்காரர் மகள் அன்றைக்கென்று காய்ச்சலில் படுத்திருந்தாள், கதவுப் பக்கத்தில் அவள் பெயர் தெரிந்த இரண்டு பேரும் வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். போர்வைக்கு அடியில் அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நானே பெயரைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இல்லி!"

அதுவரை நான் கேட்டிராத சத்தம். பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். வகுப்பே வெடித்துச் சிரித்தது. அவள் போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது முகமெல்லாம் வியர்வை, அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் முதல்முறையாக அன்றுதான் பார்த்தேன்.

அதன்பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த விளையாட்டில் அவளை யாராலும் ஜெயிக்க முடியாமல் போயிற்று. கண்ணைத் திறந்து ஒரு தரம் பார்ப்பாள், பெயரைச் சொல்லிவிடுவாள். எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. அவள் முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொற்களே அந்த முப்பத்தேழு பெயர்கள்தான். யாருக்கும் தெரியாமல் இருந்தவளுக்கு எல்லோரையும் தெரிந்திருந்தது. பிறகு பிள்ளைகள் அவளைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ள அடித்துக்கொண்டார்கள். ஜன்னல் ஓரம், நடு, கதவுப் பக்கம் எல்லாம் கலைந்துபோயின. யார் எங்கே உட்காருகிறார்கள் என்று எனக்கே தெரியாமல் போனது.

'இல்லி' எங்கள் வகுப்புச் சொல் ஆனது. பெயர் கூப்பிட்டால் எல்லோரும் 'இல்லி டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். அது எவ்வளவு தூரம் போனது என்றால், ஒரு நாள் பார்வைக்கு வந்த அதிகாரி, சேலத்துக்காரர், பதிவேட்டைத் தானே வாங்கிப் பெயர் கூப்பிட்டார். முதல் பிள்ளை இல்லி என்றது. இரண்டாவதும் இல்லி. ஏழெட்டுப் பெயர் ஆனதும் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது, கண்ணு முன்னால உக்காந்துக்கிட்டே எல்லாரும் இல்லைங்கறாங்க?"

பின்னால் நின்ற தலைமையாசிரியர் முகம் சிவந்துவிட்டது. நான் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அந்தப் பிள்ளையே எழுந்து நின்றாள். "சார், இல்லி அந்த்ரே இங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன்," என்றாள். பாதி கன்னடம், பாதி தமிழ். அதிகாரி சிரித்துவிட்டார். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. அதற்குப் பின் எத்தனையோ வகுப்புகள் எடுத்துவிட்டேன். அந்த வருடத்துக் காலைகளுக்கு ஏங்குகிற மாதிரி எதற்கும் ஏங்கியதில்லை.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள் அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. லைன் வீட்டுக்குப் போனேன். ஆறாவது அறையில் ஒடிசாவிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா வேலை பார்த்த அட்டைப்பெட்டி கம்பெனியில் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், ஆட்களை நிறுத்திவிட்டார்களாம். கர்நாடகத்தில் அத்திப்பள்ளி தாண்டி எங்கேயோ வேலை கிடைத்துப் போய்விட்டார்கள் என்று குழாயடியில் ஒரு அம்மா சொன்னார். மாற்றுச் சான்றிதழ் வாங்கவில்லை. கொடுத்திருந்த போன் நம்பர் அணைந்து கிடந்தது.

நான் பெயர் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அவள் பெயர் வந்ததும் முப்பத்தேழு பிள்ளைகளும் சேர்ந்து "இல்லி" என்று கத்தினார்கள். நான் அவர்களைத் தடுக்கவில்லை. ஆப்சென்ட் போடவும் கை வரவில்லை, கட்டத்தை வெறுமனே விட்டேன். பத்து நாள் கழித்துத் தலைமையாசிரியர் பார்த்துவிட்டார்.

"முதல்ல, இருக்கற புள்ளைக்கு ஆப்சென்ட் போட்ட. இப்ப, போயிட்ட புள்ளைக்கு இடம் விட்டு வெச்சிருக்க. பேரை நீக்கிடும்மா."

"இன்னும் ஒரு வாரம் டைம் குடுங்க மேடம். நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அத்திப்பள்ளி போனேன். மூன்று பள்ளிக்கூடங்களின் பூட்டிய கேட்டைப் பார்த்தபிறகுதான், ஞாயிற்றுக்கிழமை எந்தப் பள்ளி திறந்திருக்கும் என்று உறைத்தது. நான் எவ்வளவு புத்திசாலி பாருங்கள். வெயிலில் நின்று தெருவில் போகிற பிள்ளைகளின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் என்னைப் பிள்ளை பிடிக்க வந்தவள் போலப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் எங்கேயாவது, யாருக்கும் பெயர் தெரியாத ஒரு வகுப்பில் மறுபடியும் கதவு ஓரம் உட்கார்ந்திருக்கிறாளா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தது. அவள் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நான் பெயரை நீக்கிவிட்டு நிம்மதியாக இருப்பேன். கேட்காமலேயேதான் நீக்கினேன்.

மே மாதம் ஊத்தங்கரையில் அம்மா வீட்டில் இருந்தேன். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தேன்.

"டீச்சர்?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன், அங்கேதான் சிக்னல் சரியாகக் கிடைக்கும். எப்படி இருக்கே, எங்க இருக்கே, ஸ்கூலுக்குப் போறியா என்று மூச்சுவிடாமல் கேட்டேன். அவள் பேச ஆரம்பித்தாள். முழுக்க முழுக்கக் கன்னடத்தில். அவளுக்கு வந்த கொஞ்சம் தமிழும் அந்த ஐந்து மாதத்தில் போய்விட்டதா, அல்லது சொல்ல வேண்டியது அந்தத் தமிழுக்குள் அடங்கவில்லையா, தெரியவில்லை. வேகமாகப் பேசினாள். ஸ்கூல் என்ற சொல் இரண்டு தரம் வந்தது. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் பெயர்கள் வந்தன. ஒரு இடத்தில் நின்றாள், மூக்கை உறிஞ்சினாள், மறுபடி பேசினாள். பக்கத்தில் கன்னடம் தெரிந்த ஒருவர்கூட இல்லை. எதிர் வீட்டுக்காரர், பால்காரர், என் அண்ணன் என்று பார்த்த எல்லோரையும் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். ஒருவருக்கும் தெரியாது. புரியவில்லை என்று சொன்னால் நிறுத்திவிடுவாள் என்று பயந்து, "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் ஒரே ஒரு சொல் சொன்னாள். நுனியில் ஏற்றி, கேள்வி மாதிரி. "பர்லா?"

"ம்," என்றேன்.

"சரி டீச்சர்," என்றாள் தமிழில். வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டேன். யாரோ ஒரு ஆள் எடுத்தார், ஏதோ சொன்னார், வைத்தார். அதற்குப் பிறகு அந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. ஐந்தாம் வகுப்பே மறுபடியும் எனக்கு. புதிதாகச் சேர்ந்த கன்னடக் குழந்தை ஒன்று, சாயங்காலம் மணி அடித்ததும் பையை மாட்டிக்கொண்டு என் மேஜை அருகில் வந்து நின்றது. "பர்லா, டீச்சர்?"

என் கையிலிருந்த சாக்பீஸை அப்படியே வைத்துவிட்டு, ஆறாம் வகுப்புக்குப் போய்ச் சந்தைக்காரர் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"பர்லான்னா என்னடி?"

"வரட்டுமான்னு அர்த்தம் டீச்சர்."

"வீட்டுக்குக் கெளம்பறப்ப கேக்கறதா? இல்ல, நான் அங்க வரட்டுமான்னு கேக்கறதா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ரெண்டுக்கும் அதேதான் டீச்சர். நாமளும் அப்படித்தானே கேப்போம்?"

அவள் எதைக் கேட்டிருந்தாலும் நான் சரி என்று சொல்லியிருக்கிறேன்.